இருபத்து நான்கு தகரங்கள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். என் இருமல் மட்டும் வீட்டை விட்டுப் போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது, மகளும் மருமகனும் எப்படி இருக்கிறார்கள் என்று எழுது.

ஒரு செய்தி. நீ இருபத்து நான்கு வருஷம் வேலை பார்த்த பெரிய ஆஸ்பத்திரியின் கட்டடத்துக்கு வரும் செப்டம்பரில் நூறு வயது. ஆஸ்பத்திரியை ஊருக்கு வெளியே கொண்டுபோய்ப் பன்னிரண்டு வருஷமாகிவிட்டது, இப்போது கட்டடம் முழுக்க நகராட்சி அலுவலகம் என்பது உனக்குத் தெரியும். நூறு வருஷத்தைக் கொண்டாட ஒரு குழு போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியின் வரலாற்றைப் புத்தகமாக எழுத வேண்டும் என்று முடிவாகி, ஆவண அறையில் தூசி தட்டிக்கொண்டிருந்த என் தலையில் அதைக் கட்டிவிட்டார்கள். வெளியில் சலித்துக்கொண்டாலும் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

முதலில் அது காய்ச்சல்காரர்களை ஊரிலிருந்து பிரித்து வைக்கப் போட்ட நீளமான கொட்டகையாம். பிறகு கல் கட்டடம், பிறகு மாடி, நோயாளிகளை மேலே தள்ளிக்கொண்டு போக ஒரு சாய்தளம். காகிதத்தில் இதெல்லாம் கிடைக்கிறது. உள்ளே மனிதர்கள் எப்படி இருந்தார்கள் என்பது கிடைக்கவில்லை. அதற்கு நீதான் வேண்டும். மாடியில் இருந்த ஆண்கள் வார்டைப் பற்றி நினைவில் உள்ளதையெல்லாம் எழுது. மூத்த செவிலியர் என்ற முறையில் முதல் பிரதியை உன் கையில் கொடுக்க வேண்டும் என்று குழுவில் பேசி வைத்திருக்கிறேன்.

படிக்கட்டுக்கு அடியில் ஒரு வாளி கிடந்தது. அதில் துருப்பிடித்த தகரங்கள், ஒன்றிலிருந்து இருபத்து நான்கு வரை எண் எழுதி, மேலே கம்பிக் கொக்கியோடு. இவை என்ன?

உன் கடிதத்துக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
தம்பி


ஜனவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால்கள் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டு இருக்கின்றன, மற்றபடி குறையில்லை. மருந்துக் கடைக்காரனிடம் கேட்டுக் கேட்டு இருமலுக்குக் குடிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார். அதுவரை நர்ஸின் தம்பி என்று வெளியில் சொல்லிக்கொள்ளாதே.

வார்டைப் பற்றிக் கேட்டாய். பக்கத்துக்குப் பன்னிரண்டாக இரண்டு வரிசைக் கட்டில். ஜன்னல்கள் அவ்வளவு உயரம், நீளக் கம்பால்தான் திறக்க முடியும். நாலு மணிக்குப் பார்வையாளர் மணி அடிக்கும், ஆறு மணிக்குத் திரும்பப் போகச் சொல்லி அடிக்கும். ஆறு மணிக்குக் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும், யாராவது ஒரு மனைவி ஒளிந்துகொண்டிருப்பாள். பெரிய சிஸ்டரின் செருப்புச் சத்தம் சாய்தளத்தில் கேட்டால் போதும், படுத்த படுக்கையாக இருப்பவர்கூடத் தலையணையை நேராக்கிக்கொள்வார். ஒரு பஸ் டிரைவர் இரண்டு மாதம் இருந்தார். தூக்கத்தில் வலது காலால் பிரேக்கை மிதித்து மிதித்துக் கட்டிலை நகர்த்திவிடுவார்.

தகரங்கள் கட்டில் எண்கள். கால்மாட்டுக் கம்பியில் ஒரு தகரம், அதே கொக்கியில் நோயாளியின் கேஸ் ஷீட். எங்களுக்கு நோயாளிக்குப் பேர் கிடையாது, எண்தான். 'பதிமூணுக்குக் காய்ச்சல் பாரு', 'ஒன்பதை நாளைக்கு வீட்டுக்கு அனுப்பலாம்' என்போம்.

மாதத்தின் முதல் புதன் கழுவுகிற நாள். எல்லாக் கட்டிலையும் ஆளோடு தாழ்வாரத்துக்குத் தள்ளுவோம். தகரங்கள் வாளியில் ஊறும், ஷீட்டுகளை மேஜைமேல் எண் வரிசையில் அடுக்கிவைப்போம். இருபத்து நான்கு பேரும் வெயிலில் வரிசையாகப் படுத்துத் தெருவை வேடிக்கை பார்ப்பார்கள். அன்றைக்கு எங்கள் ஆயாவின் ராஜ்யம். தரை துடைக்கும்போது விசில் அடிப்பாள், அதனால் அவளுக்கு விசில் என்றே பேர். அவள் தகரத்தைப் பார்த்து எந்தக் கட்டிலையும் அடையாளம் சொன்னதே இல்லை. தள்ளும்போது வருகிற சத்தத்தை வைத்துச் சொல்வாள். ஒன்று கோழி, ஒன்று கதவு, ஒன்று மாமியார். நான் புதிதாகச் சேர்ந்தபோது எனக்கு அந்த வார்டில் இருந்த ஒரே துணை அவள்தான்.

தரை காய்ந்ததும் கட்டில்கள் உள்ளே வரும். அவ்வளவுதான்.

விழாவில் மேடை ஏறுவதைப் பற்றி அப்புறம் பார்ப்போம். உன் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

டாக்டரைப் பார்த்தேன், இருமல் பாதி போய்விட்டது. மீதிக்கு நீ திட்டினால் போதும் என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள்.

உன் கடிதத்தைக் குழுவில் வாசித்தேன். பஸ் டிரைவரைக் கேட்டுத் தலைவரே வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்த வாரமே வேறொன்று கிடைத்தது. முப்பத்து நான்கு வருஷத்துக்கு முந்தைய விசாரணைக் கோப்பு. ஒரு கழுவுகிற நாளில் தகரங்கள் மாறிப்போய், பென்சிலின் ஒத்துக்கொள்ளாத ஒரு நோயாளிக்கு வேறொருவரின் ஊசி போடப்பட்டு, சில நிமிஷங்களில் அவர் இறந்துபோயிருக்கிறார். விசாரணையின் முடிவில் ஆயாவை வேலையிலிருந்து நீக்கியிருக்கிறார்கள். நீ சொன்ன அதே விசில் ஆயா. அன்று பணியில் இருந்த செவிலியர் நீ. இதைப் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லையே அக்கா.

கோப்போடு நின்றிருந்தால் நான் இரண்டு வரியில் எழுதிவிட்டுப் போயிருப்பேன். நேற்று ஒரு பெண் என் மேஜைக்கு வந்தார். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருக்கிறார், அந்த ஆயாவின் மகள். "ஆஸ்பத்திரியைப் பத்திப் புஸ்தகம் போடுறீங்களாமே. அம்மாதான் ஒரு ஆளைக் கொன்னுட்டாங்கன்னு அதுல வருமா சார்?" என்று கேட்டார். ஆயா உயிரோடு இருக்கிறார், எழுபத்து நான்கு வயது. புத்தகம் வரப்போகிறது என்று யாரோ சொன்னதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லையாம். "ஆஸ்பத்திரியோட சேர்ந்து அந்தப் பேச்சும் போயிடுச்சுன்னு நெனச்சோம். அச்சுல வந்துட்டா அப்புறம் அழியாதுல்ல" என்றார்.

விசாரித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். அன்று நடந்தது என்ன என்று எனக்கு எழுது. ஜூலைக் கடைசியில் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

நலம். இங்கே மருமகனுக்கு வேலை மாற்றம் வரும் போலிருக்கிறது, வீடு முழுக்க அதே பேச்சு. முழங்காலுக்குப் புதிதாக ஒரு தைலம்.

அந்த விஷயம் பழைய கதை. கோப்பில் என்ன இருக்கிறதோ அதுதான். நூறு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் பேர் பிழைத்து நடந்து போன கட்டடம் அது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த ஒரு நாளைத்தான் தேட வேண்டுமா? சாய்தளம் கட்டியதை எழுது. மணியைப் பற்றி எழுது.

தலைவலி, இத்துடன் நிறுத்துகிறேன்.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

தலைவலி சரியாயிற்றா? மருமகனின் மாற்றம் என்னவாயிற்று?

நான் ஆயாவைப் போய்ப் பார்த்தேன். தையல் கடைக்குப் பின்னால் ஒரு அறை. ஜன்னலை ஒட்டிப் போட்ட நாற்காலியில் இருந்தார். நான் யார் என்று சொல்லவில்லை, புத்தகம் எழுதுகிறவன் என்று மட்டும் சொன்னேன். வார்டைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் நன்றாகப் பேசினார். அந்த நாளைப் பற்றிக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். எங்கள் குழுவுக்குச் சம்மதப் படிவம் ஒன்று உண்டு, பேசியவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். நீட்டினேன். கட்டை விரலை நீட்டினார்.

வாசல் வரை வந்த மகளிடம் கேட்டேன். அம்மாவுக்கு எழுத்தும் தெரியாதாம், எண்ணும் தெரியாதாம். ஐந்தாவது வரை படித்ததாகச் சொல்லித்தான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். "கடிகாரம்கூட முள்ளு எங்க நிக்குதுன்னு பாத்துத்தான் சொல்வாங்க. நம்பர் கேட்டா தெரியாது" என்றார்.

அன்றிரவு உன் ஜனவரிக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். அவள் தகரத்தைப் பார்த்து எந்தக் கட்டிலையும் அடையாளம் சொன்னதே இல்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். பிறகு விசாரணைக் கோப்பை எடுத்தேன். அதில் உன்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அப்படியே எழுதுகிறேன்.

கேள்வி: சுத்தம் செய்த பிறகு எண் தகரங்களைக் கட்டில்களில் மாட்டியது யார்?

செவிலியரின் பதில்: தகரங்களைக் கழற்றி வாளியில் போட்டது ஆயா.

மாட்டியது யார் என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். கழற்றியது யார் என்று நீ சொல்லியிருக்கிறாய். அவர்கள் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்க விரும்பவில்லை. எண் தெரியாத ஒருவர் எப்படித் தகரங்களை மாட்டியிருக்க முடியும்? மாட்டியது யார் அக்கா?

தம்பி


ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

ஆறு வாரமாகிவிட்டது. உன் மகளுக்கு ஃபோன் செய்தேன். நீ நலமாக இருப்பதாகவும், காலையில் பூங்காவுக்கு நடக்கப் போவதாகவும், தபால்காரர் வந்தால் மட்டும் உள்ளே எழுந்து போய்விடுவதாகவும் சொன்னாள்.

நீ எனக்குப் பதில் போடாமல் இருந்ததில்லை. ஹாஸ்டலில் இருந்தபோது நான் போட்ட ஒன்றுமில்லாத கடிதங்களுக்குக்கூட நாலு பக்கம் எழுதுவாய். திட்டியாவது எழுது.

தம்பி


மே 11

அன்புள்ள தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கேட்டதற்குச் சொல்லிவிடுகிறேன், நடுவில் நிறுத்தினால் மறுபடி எழுத வராது.

மாட்டியது நான்.

ஆயாவுக்கு எண் தெரியாது என்பது அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சேர்ந்த இரண்டாம் மாதம், ஆறையும் ஒன்பதையும் மாற்றி மாட்டிவிட்டு அவள் நின்றதைப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, வெளியில் சொல்லிடாதீங்க சின்ன சிஸ்டர் என்றாள். தகரம் மாட்டுவது ஆயாவின் வேலை என்பது எழுதி ஒட்டிய விதி. அன்றிலிருந்து அதை நான் செய்தேன், அவள் பக்கத்தில் ஈரத்துணியோடு நிற்பாள். யார் பார்த்தாலும் அவள் மாட்டுகிற மாதிரி இருக்கும். காதும் காதும் வைத்தமாதிரி இரண்டு வருஷம் நடந்தது.

அன்றைக்குப் பெரிய டாக்டர் ஒரு மணி நேரம் முன்னதாகவே சுற்றுக்கு வருகிறார் என்று கீழேயிருந்து ஆள் ஓடி வந்தான். கட்டில்களை அவசரமாக உள்ளே தள்ளினோம். பதினொன்றின் சக்கரம் வாசற்படியில் சிக்கிக்கொண்டது. அதை ஓரமாக விட்டுவிட்டு, பதினேழை அதன் இடத்தில் வைத்துவிட்டார்கள். சிக்கிய கட்டில் கடைசியில் பதினேழின் இடத்துக்குப் போனது. மாட்டும்போது ஒவ்வொருவரையும் பேர் கேட்டு, ஷீட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும். நான் கேட்கவில்லை. சுவர் ஓரமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று தகரமும் ஷீட்டுமாக வரிசையாக மாட்டிக்கொண்டே போனேன். இருபத்து நான்கையும் மாட்டி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பதினோராம் ஷீட்டில் சிவப்புப் பென்சிலால் பென்சிலின் கூடாது என்று கோடு போட்டிருந்தது. அந்த ஷீட் இப்போது வேறொருவரின் கால்மாட்டில். பதினேழுக்குப் பென்சிலின் போட வேண்டிய நேரம் வந்தது, பதினேழாம் தகரத்துக்குப் போனேன். கட்டிலில் இருந்தவரிடம் ஊசி போடட்டுமா என்று கேட்டேன். தலையாட்டினார். போட்டேன். மருந்துத் தட்டை மேஜையில் வைத்துத் திரும்புவதற்குள் அவருக்கு மூச்சு இழுத்தது. அதற்கு மேல் அதை எழுத என்னால் முடியாது.

விசாரணையில் ஊசி போட்டது யார் என்பதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தகரத்தைப் பார்த்துப் போட்டவள் என்ன செய்வாள் என்றார்கள். தகரத்தை மாட்டியது யார் என்பதுதான் பேச்சு. ஆயா அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே போகும்போது என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். நான் மாட்டுவதில்லை என்று அவள் சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், பொய் சொல்லி வேலைக்குச் சேர்ந்தது வெளிவரும், போலீஸ் வரும் என்று பயந்து அவள் வாயைத் திறக்க மாட்டாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்தப் பதிலைச் சொன்னேன். அதில் பொய் ஒரு சொல்கூட இல்லை பார். அதைச் சொல்லிச் சொல்லித்தான் இத்தனை வருஷம் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

அந்த வாரச் சனிக்கிழமை அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். அதிலிருந்து வார்டில் விசில் இல்லை.

இனி நீ எழுது, எழுதாதே, உன் இஷ்டம்.

அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து வாரம் பதில் போடவில்லை. நீ என்ன நினைத்திருப்பாய் என்று தெரியும். தினமும் உட்கார்ந்தேன், ஒரு வரிக்கு மேல் போகவில்லை. நலமாக இருக்கிறாயா?

கோப்பில் உள்ள தேதியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மார்ச் முதல் புதன். அந்த மார்ச்சில் நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதினேன். விசாரணை நடந்த வாரக் கடைசியில் நீ ஹாஸ்டலுக்கு வந்தாய், நினைவிருக்கிறதா? புதுப் பேனா கொண்டுவந்தாய். கண் சிவந்திருந்தது. கேட்டதற்குத் தூசி என்றாய். அப்பா அம்மா இல்லாத வீட்டில் உன் வேலை போயிருந்தால் நான் அந்த ஹாஸ்டலில் இருந்திருக்க மாட்டேன். இன்று உட்கார்ந்து கோப்பைக் கிளறுகிற இந்த நாற்காலியும் எனக்கு இல்லை. என் படிப்பு அந்த ஆயா இழந்த வேலையில் நடந்திருக்கிறது.

இப்போது அதே நாற்காலியில் உட்கார்ந்து உன்னை அச்சில் ஏற்றுவதா? என்னால் முடியாது. அந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். அந்த வருஷத்தில் சாய்தளத்துக்குக் கைப்பிடி போட்டதை எழுதிவிட்டு அடுத்த வருஷத்துக்குப் போய்விட்டேன். ஆயாவின் மகளிடமும் சொல்லிவிட்டேன், உங்கள் அம்மாவைப் பற்றி ஒரு வரியும் வராது என்று. கும்பிட்டுவிட்டுப் போனார். எல்லோருக்கும் நல்லதாக முடிந்தது.

முதல் பிரதியை வாங்க நீ வரத்தான் வேண்டும்.

தம்பி


ஜூன் 25

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

எல்லோருக்கும் நல்லதாக முடிந்ததா? முப்பத்து நான்கு வருஷத்துக்கு முன்னால் நான் செய்ததை அப்படியே எடுத்து நீயும் செய்திருக்கிறாய். நானாவது பயந்து செய்தேன். நீ யோசித்து, ஐந்து வாரம் உட்கார்ந்து செய்திருக்கிறாய். அவள் கொலைகாரி இல்லை என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒன்றுமே சொல்லாமல் விட்டுவிட்டு, அதற்கு அவள் மகளிடம் கும்பிடு வேறு வாங்கியிருக்கிறாய்.

உன் படிப்பை இதில் இழுக்காதே. உனக்காகத்தான் செய்தேன் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். பயந்தேன், அவ்வளவுதான். வேலை போய்விடும், பெரிய சிஸ்டர் எல்லோர் முன்னாலும் நர்ஸ் தொப்பியைக் கழற்றச் சொல்வாள், அந்த அவமானத்துக்குப் பயந்தேன். உன் முகம் அந்த அறையில் என் நினைவுக்கே வரவில்லை. வந்திருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

என் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து உட்கார்ந்து, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். ரயிலுக்கு டிக்கெட் அவள்தான் எடுத்தாள். வருகிறேன். உன் வீட்டுக்கு இல்லை.

அக்கா


ஜூலை 8

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டேன். ஊர் வரை வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போனதற்கு உன் வீட்டுக்காரி கோபித்துக்கொண்டாளாம், என் மகள் சொன்னாள். உன்னைப் பார்த்தால் கால் திரும்பிவிடும் என்றுதான் நேராகத் தையல் கடைக்குப் போனேன்.

ஆயாவின் மகள்தான் உள்ளே கூட்டிப்போனாள். ஆயா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "சின்ன சிஸ்டர்தானே? நடையே மாறிப்போச்சு. இடது கால் இழுக்குது" என்றாள். வாசலில் என் செருப்புச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டிருக்கிறாள்.

உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன். "தகரத்தை மாட்டினது நான். விசாரணையில சொல்லாம மறைச்சுட்டேன்."

"எனக்குத் தெரியாததா? பக்கத்துல ஈரத்துணியோட நின்னேனே."

"மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"கேக்காதீங்க. கேட்டா இல்லன்னு சொல்ல வேண்டியிருக்கும். எனக்குக் கோவம் இன்னும் போகல. உங்கமேல மட்டும் இல்ல, என்மேலயும்தான். எனக்கு நம்பர் தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். வெக்கமா இருந்துச்சு, சொல்லல. அதுக்கப்புறம் எந்த வீட்டுல வேலைக்குப் போனாலும், ஆளைக் கொன்ன ஆயான்னு நமக்கு முன்னாடி பேச்சு போயிடும்."

மகள் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டாள். ஆயா கத்தியை வைத்துவிட்டு முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சரி, அந்த மனுஷன் பேரு என்ன, சொல்லுங்க."

பதினொன்று என்று வாய் வரை வந்துவிட்டது தம்பி. பேர் வரவில்லை. முப்பத்து நான்கு வருஷமாக அந்த மனிதரை நினைக்காத நாள் இல்லை, ஒரு நாளும் பேரோடு நினைத்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அவள் சொன்னாள். பேரைச் சொன்னாள், அப்பா பேரையும் சொன்னாள். தச்சுவேலைக்காரர், ஜன்னல் செய்கிறவர். வார்டு ஜன்னலைப் பார்த்து, இவ்வளவு உயரத்துல வச்சவன் எவன்டா என்று தினமும் திட்டுவாராம். மனைவி நாலு மணிக்குக் குடையோடு வருவாள். "எனக்கு நம்பர் தெரியாதுல்ல. இருபத்து நாலு பேரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். வேற வழி எனக்குத் தெரியாது" என்றாள். பிறகு கேட்டாள்: "ஊசி போடுறப்ப அவரைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். தலையாட்டினார்."

"எந்தப் பக்கம் நின்னு கேட்டீங்க?"

யோசித்தேன். மருந்துத் தட்டு வைக்கும் மேஜை கட்டிலுக்கு இடப் பக்கம் இருக்கும், அதனால் அவருடைய இடது பக்கம்தான்.

"அவருக்கு இடது காது கேக்காது" என்றாள். "எது கேட்டாலும் மரியாதைக்குத் தலையாட்டுவாரு."

ஆயா கத்தியை எடுத்து மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். எழுந்து வரும்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், இதுதான் நீ அச்சில் போட வேண்டியது. "ஒண்ணும் வராதுன்னு உங்க தம்பி சொன்னாராம். அப்படி வேண்டாம். எழுதச் சொல்லுங்க. முதல்ல அவர் பேரு. அப்புறம் உங்க பேரு. என் பேரு கடைசியில இருந்தாப் போதும்."

தனித் தாளில் நடந்ததை எழுதி, கையெழுத்துப் போட்டு இணைத்திருக்கிறேன். ஒரு சொல்லை மாற்றாதே. மேடைக்கு நான் வரவில்லை என்று குழுவில் சொல்லிவிடு.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இருமல் திரும்பி வந்திருக்கிறது, இந்தத் தடவை டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

புத்தகம் வந்துவிட்டது. உன் பக்கம் நூற்று நாற்பத்து மூன்று. தலைவர், விழா நேரத்தில் இது எதற்கு என்றார். இதை எடுப்பதானால் என் பேரையும் எடுத்துவிடுங்கள் என்றேன். இரண்டு வாரம் இழுத்தார்கள், பிறகு சரி என்றார்கள். முதல் பிரதியை யாருக்கும் கொடுக்கவில்லை, மேஜையில் வைத்துவிட்டார்கள். உன்னோடு வேலை பார்த்த இரண்டு பேர் என்னிடம் பேசாமல் போனார்கள். இதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும்.

தச்சரின் குடும்பத்தைத் தேடினேன். மனைவி இறந்து பல வருஷமாகிவிட்டது. ஒரு மகன் வேறு ஊரில் இருக்கிறார். ஒரு பிரதியும் கடிதமும் அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை.

நேற்று, விழா முடிந்து கூட்டமெல்லாம் போன பிறகு, ஆயா வந்தார். மகள் கைபிடித்துச் சாய்தளத்தில் மெல்ல ஏற்றிக்கொண்டு வந்தார். உங்கள் வார்டு இப்போது வரி வசூல் பிரிவு, மேஜைகளும் அலமாரிகளுமாக இருக்கிறது. ஆயா நேராக நடந்து நகலெடுக்கும் இயந்திரத்துக்கு முன்னால் போய் நின்றார். இங்கதான் அவர் கட்டில் என்றார். நான் நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். முடித்ததும், மறுபடி அவர் பேரிலேருந்து வாசிங்க என்றார். வாசித்தேன். உன் பேர் வந்த இடத்தில் தலையை ஆட்டினார், தன் பேர் வந்த இடத்தில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் யார் என்று அப்போதுதான் என் வாயால் சொன்னேன். முதல் நாளே தெரியும், மூக்கு உங்க அக்கா மூக்கு என்றார். நான் பத்தாவது எழுதியது எந்த மார்ச்சில் என்பதையும் சொன்னேன். நல்ல மார்க்கா என்று கேட்டார்.

தகரங்களைத் துரு போகத் துடைத்துச் சுவரில் வரிசையாகக் கண்காட்சிக்கு வைத்திருக்கிறோம். தச்சருடையது எது என்று ஆயா கேட்டார். பதினொன்றைக் காட்டினேன். கழற்றிக் கையில் வாங்கி, அந்த எண்ணை விரலால் ஒரு தடவை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார். உள்ளங்கையால் துடைத்தார். தச்சரின் பேரைச் சொல்லிக்கொண்டே அதே ஆணியில் தானே மாட்டினார்.

"நேரா இருக்கா, பாருங்க" என்றார்.

நேராக இருக்கிறது என்றேன்.

அடுத்த முறை முதலில் நம் வீட்டுக்கு வா அக்கா. பிறகு சேர்ந்து தையல் கடைக்குப் போவோம். நீ வந்தால் ஸ்டூலை எடுத்துப் போடும்படி ஆயா மகளிடம் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
தம்பி